எந்தக் கொசு, எந்தத் தண்ணீர்? - புதுச்சேரி சொல்லும் ஐம்பது ஆண்டுப் பாடம்!

மழை விட்டு ஒரு வாரம் ஆனால் போதும், முதலியார்பேட்டை தெருக்களில் ஒரு கேள்வி தவறாமல் எழும்: "கொசு மருந்து அடிக்க எப்போ வருவாங்க?" புகை வண்டி வரும். தெருவே வெள்ளையாகும். பிள்ளைகள் அதன் பின்னால் ஓடுவார்கள். அன்று இரவு கொஞ்சம் நிம்மதி. இரண்டே நாளில் கொசு மறுபடி வந்து காதோரம் பாடும்.

ஏன் இப்படி? "மருந்து சரியில்லை" என்பது தெருவில் கிடைக்கும் பதில். "சாக்கடையைத் தூர்வாரவில்லை" என்பது இன்னொரு பதில். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. முழு பதிலைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. முதலியார்பேட்டையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், கோரிமேடு பக்கம் இந்திரா நகரில் இருக்கும் ஒரு மத்திய அரசு ஆய்வு நிலையம், 1975 முதல் இந்தக் கேள்வியோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. அதன் பெயர் வெக்டர் கன்ட்ரோல் ரிசர்ச் சென்டர், சுருக்கமாக வி.சி.ஆர்.சி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) கீழ் இயங்கும் நிறுவனம் இது. 'வெக்டர்' என்றால் நோயைச் சுமந்து பரப்பும் உயிரினம்.

மூன்று கொசு, மூன்று தண்ணீர்

உலகில் சுமார் 3,500 கொசு இனங்கள் இருக்கின்றன. அவற்றில் நம் வீட்டுக் கதவைத் தட்டும் முக்கியமான விருந்தாளிகள் மூன்று வகை. மூன்றையும் 'கொசு' என்று ஒரே பெயரில் அழைப்பதில்தான் நம் சிக்கலே தொடங்குகிறது.

முதலாவது, கியூலெக்ஸ். சாக்கடை, செப்டிக் டேங்க், கழிவுநீர்க் குழி என்று அழுக்குத் தண்ணீரே இதற்குச் சொர்க்கம். நூறு, இருநூறு முட்டைகளை ஒன்றாக ஒட்டி, குட்டித் தெப்பம்போல் தண்ணீரில் மிதக்கவிடும். இரவில் கடிக்கும். யானைக்கால் நோயைப் பரப்புவது இதுதான்.

இரண்டாவது, ஏடிஸ். காலில் வெள்ளை வரி போட்ட 'டெங்கு கொசு'. சிக்குன்குனியாவுக்கும் இதுவே வாகனம். இது சாக்கடைப் பக்கம் அநேகமாகப் போகாது. டிரம், சிமென்ட் தொட்டி, ஏர் கூலர், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, பழைய டயர், கொட்டாங்குச்சி ஆகியவற்றில் தேங்கும் ஓரளவு சுத்தமான தண்ணீர்தான் வேண்டும். பகலில் கடிக்கும். பிறந்த இடத்திலிருந்து பெரும்பாலும் ஓரிரு நூறு மீட்டருக்குள்ளேயே வாழ்நாளை முடித்துவிடும். அதாவது, உங்களைக் கடிக்கும் ஏடிஸ் பெரும்பாலும் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிறந்ததுதான்.

மூன்றாவது, அனாஃபிலிஸ். மலேரியாவைப் பரப்பும் இந்த இனத்தில், நகரங்களில் வாழும் வகைக்குக் கிணறும் மாடியில் இருக்கும் மூடாத டேங்கும் போதும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். டெங்கு பரவும்போது சாக்கடையில் மருந்து ஊற்றினால் ஏடிஸுக்கு என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. சாயங்காலம் தெருவில் புகை அடித்தால்? வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியிலும் துணிகளுக்கு நடுவிலும் ஓய்வெடுக்கும் ஏடிஸ் மேல் அதில் எவ்வளவு படும்? வேல்ராம்பட்டு ஏரி போன்ற பெரிய நீர்நிலைகளைக் காட்டி "அங்கிருந்துதான் கொசு வருகிறது" என்பவர்களும் உண்டு. மீனும் தட்டான் பூச்சியின் குஞ்சுகளும் வாழும் ஏரியில் கொசுப்புழு பிழைப்பது கடினம். ஏரியில் கழிவுநீர் கலந்து மீன்கள் செத்தால்தான் அது கொசுவின் வீடாக மாறும்.

நள்ளிரவில் ஒரு சந்திப்பு

பழைய புதுச்சேரிக்காரர்களுக்கு யானைக்கால் நோய் புதிதல்ல. இரவில் வீடு வீடாக வந்து விரல் நுனியில் ரத்தம் எடுத்துப்போன சுகாதார ஊழியர்களைப் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். ஏன் இரவில்? அதற்குள் ஒரு விந்தை இருக்கிறது.

யானைக்கால் புழுவின் நுண்ணிய குஞ்சுகள் பகலில் நுரையீரலின் ரத்தக் குழாய்களில் பதுங்கிக் கிடக்கும். இரவு பத்து மணிக்கு மேல் தோலுக்கு அருகே ஓடும் ரத்தத்துக்கு வரும். நள்ளிரவை ஒட்டி அவற்றின் எண்ணிக்கை உச்சத்தில் இருக்கும். கியூலெக்ஸ் அதிகம் கடிப்பதும் அதே நேரத்தில்தான்! புழுவின் கடிகாரமும் கொசுவின் கடிகாரமும் ஒரே மணியைக் காட்டுகின்றன. எத்தனையோ தலைமுறைகளாக ஒன்றையொன்று சார்ந்து வாழ்ந்ததன் விளைவு இது. இந்தப் புழு கொசுவின் உடலுக்குள் வளர்கிறது என்பதை 1877-ல் சீனாவின் அமோய் துறைமுகத்தில் கண்டறிந்தவர் பேட்ரிக் மேன்சன் என்ற மருத்துவர்.

இன்னொரு முக்கியமான செய்தி: டெங்கு வர ஒரு கடி போதும். யானைக்கால் அப்படியல்ல. நோய்க்கிருமி சுமந்த கொசுக்கள் ஆயிரக்கணக்கில் கடித்த பிறகே ஒருவர் உடலில் புழு நிலைபெறும். அதனால் கொசுவை முழுவதும் ஒழிக்காவிட்டாலும், எண்ணிக்கையைக் கணிசமாகக் குறைத்தாலே யானைக்காலுக்குக் கடிவாளம் போட்டுவிடலாம்.

இந்த நம்பிக்கையில்தான் 1981 முதல் 1985 வரை புதுச்சேரி நகரத்தையே ஓர் ஆய்வுக்கூடமாக்கியது வி.சி.ஆர்.சி. அதற்குத் தலைமை தாங்கியவர் அந்த நிறுவனத்தின் முதல் இயக்குநர் பி.கே.ராஜகோபாலன். பின்னாளில், 1990-ல், பத்மஸ்ரீ விருது பெற்றவர். மருந்தை மட்டும் நம்பாமல், கொசு எங்கே பிறக்கிறது என்று தெருத் தெருவாகக் கணக்கெடுத்தார்கள். தேங்கிய வாய்க்கால்களை ஓடவிட்டார்கள். குழிகளை மூடினார்கள். கொசுப்புழுவைத் தின்னும் மீன்களை விட்டார்கள். கொசு குறைந்தது. புதிதாகத் தொற்றுக்கு ஆளாகும் குழந்தைகளின் எண்ணிக்கையும் குறைந்தது.

ஆனால் அந்த ஐந்தாண்டுகள் இன்னொரு பாடத்தையும் கற்றுத்தந்தன. மனித உடலுக்குள் இருக்கும் யானைக்கால் புழு ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை உயிரோடு குஞ்சு பொரித்துக்கொண்டிருக்கும். கொசு ஒழிப்பைப் பாதியில் தளர்த்தினால், மிச்சமிருக்கும் புழுவும் திரும்பி வரும் கொசுவும் மறுபடி கைகோக்கும். அதனால்தான் 2004 முதல் நாடு தழுவிய அளவில், ஆண்டுக்கு ஒருமுறை எல்லோருக்கும் டி.இ.சி. மாத்திரை கொடுக்கும் திட்டம் வந்தது. மாத்திரை மனிதருக்குள் இருக்கும் புழுவைக் குறைக்கும். கொசு ஒழிப்பு அது பரவும் பாதையை அடைக்கும்.

மருந்து ஏன் தோற்கிறது?

சுதந்திரம் கிடைத்த நேரத்தில் இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 7.5 கோடி பேருக்கு மலேரியா வந்தது; 8 லட்சம் பேர் இறந்தார்கள். 1953-ல் டி.டி.டி. தெளிக்கும் தேசியத் திட்டம் தொடங்கியது. 1960-களின் நடுவில் நோயாளிகளின் எண்ணிக்கை ஒரு லட்சம் அளவுக்கு இறங்கியது. 'மலேரியா ஒழிந்தது' என்று நாடே மூச்சுவிட்டது. 1976-ல் அது மறுபடி 64 லட்சத்தைத் தொட்டது.

இதற்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்று கொசுவின் மரபணுவில் இருந்தது. லட்சம் கொசுக்களில் நாலைந்துக்கு மரபணுவில் ஒரு சின்ன மாற்றம் இயற்கையாகவே இருக்கலாம். மருந்து போய் ஒட்டவேண்டிய நரம்புப் பூட்டு சற்றே வேறு வடிவில் அமைந்திருக்கும். அல்லது மருந்தைச் சிதைக்கும் நொதி அதிகமாகச் சுரக்கும். மருந்து அடித்ததும் மற்றவை சாகும், இந்த நாலைந்தும் பிழைக்கும். போட்டிக்கு ஆள் இல்லாத இடத்தில் அவை பெருகும். கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர, வெயில் ஊரில் ஒரு வாரம், பத்து நாள் போதும். ஓர் ஆண்டுக்குள் எத்தனையோ தலைமுறைகள்! கொசு மருந்தைக் 'கற்றுக்கொள்வதில்லை'; மருந்துக்குத் தப்பியவற்றை நாமே பொறுக்கி எடுத்து வளர்த்துவிடுகிறோம்.

அதனால்தான் புழுவாக இருக்கும்போதே கொசுவைத் தடுக்கும் வழிகளை வி.சி.ஆர்.சி. தேடியது. அதில் ஒன்று 'பி.டி.ஐ.' என்ற பாக்டீரியா. இதில் இருக்கும் புரதப் படிகங்களைக் கொசுப்புழு தின்றால் அதன் குடல் வெடித்துச் சாகும். மனிதருக்கும் மீனுக்கும் தீங்கில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட நச்சுப் புரதங்கள் சேர்ந்து வேலை செய்வதால், கொசு எதிர்ப்புச் சக்தி பெறுவதும் எளிதல்ல. 'வி.சி.ஆர்.சி. பி-17' என்று புதுச்சேரியின் பெயரைச் சுமந்த ரகமே இதில் உண்டு.

கிருமியும் மாறும்

மரபணு மாற்றம் கொசுவோடு நிற்பதில்லை. புதுச்சேரிக் குடும்பங்கள் பலவற்றுக்கு உறவுகள் இருக்கும் ரீயூனியன் தீவு இதற்குச் சாட்சி. 2005-06-ல் அங்கே சிக்குன்குனியா பரவியபோது, மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கினர் படுத்த படுக்கையானார்கள். அந்தத் தீவில் பெருமளவில் இருந்தது 'ஏசியன் டைகர்' எனப்படும் இன்னொரு வகை ஏடிஸ் கொசு. அந்தக் கொசுவுக்குள் எளிதாகப் பெருகும்படி, வைரஸின் புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். அடுத்த ஆண்டே கேரளத்திலும் அந்த மாற்றம் கொண்ட வைரஸ் தென்பட்டது. தோட்டங்களிலும் மரப்பொந்துகளிலும் வாழும் அந்தக் கொசு கேரளத்தில் ஏராளம். ஆக, நோய் எங்கே, எப்படிப் பரவும் என்பதைக் கிருமி, கொசு, சுற்றுச்சூழல் மூன்றும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

கொசுவை வைத்தே கொசுவை...

முள்ளை முள்ளால் எடுப்பதுபோல், கொசுவைக் கொசுவாலேயே கட்டுப்படுத்த முடியுமா? இந்தக் கேள்விக்கு விடை வைத்திருப்பது 'வோல்பாக்கியா' என்ற பாக்டீரியா. 1924-ல் கியூலெக்ஸ் கொசுவின் உடலில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. பூச்சி இனங்களில் ஏறக்குறைய பாதியில் இது இயற்கையாகவே வாழ்கிறது. மனிதரைப் பாதிப்பதில்லை. ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசுவில் இது இயல்பாக இருப்பதில்லை.

இந்த பாக்டீரியா செய்யும் வேலை விசித்திரமானது. வோல்பாக்கியா உள்ள ஆண் கொசு, அது இல்லாத பெண் கொசுவோடு சேர்ந்தால், முட்டைகள் பொரிக்காது. வோல்பாக்கியா உள்ள பெண் கொசு எந்த ஆணோடு சேர்ந்தாலும் முட்டை பொரிக்கும். பிறக்கும் குஞ்சுகள் அத்தனையிலும் வோல்பாக்கியா இருக்கும். தாய்வழிச் சொத்துபோல அது தலைமுறை தலைமுறையாக இறங்கும்.

இதை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். ஆண் கொசுக்களை மட்டும் வெளியே விட்டால், முட்டைகள் வீணாகிக் கொசுக் கூட்டமே சுருங்கும். ஆண் கொசு கடிக்காது என்பதால் பயமில்லை. சிங்கப்பூர் பின்பற்றுவது இந்த வழி. ஆண், பெண் இரண்டையும் விட்டால், சில மாதங்களில் ஊர்க் கொசுக்களில் பெரும்பாலானவை வோல்பாக்கியா கொசுக்களாகிவிடும். கொசு இருக்கும், கடிக்கும். ஆனால் அதன் உடலில் டெங்கு வைரஸ் எளிதில் பெருக முடியாது. ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் பகுதியில் 2011-ல் தொடங்கியது இந்த இரண்டாவது வழி. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரத்தை 24 பகுதிகளாகப் பிரித்து, 12 பகுதிகளில் மட்டும் இந்தக் கொசுக்களை விட்டுப் பார்த்தார்கள். மற்றப் பகுதிகளைவிட அங்கே டெங்கு 77 சதவிகிதமும், டெங்குவால் மருத்துவமனையில் சேர்வது 86 சதவிகிதமும் குறைவாக இருந்ததாக 2021-ல் முடிவு வெளியானது.

புதுச்சேரிக்கும் இதில் பங்கு உண்டு. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்திலிருந்து வோல்பாக்கியா கொண்ட ஏடிஸ் முட்டைகளை வி.சி.ஆர்.சி. வரவழைத்தது. அவற்றிலிருந்து வந்த பெண் கொசுக்களைப் புதுச்சேரியின் ஆண் கொசுக்களோடு தலைமுறை தலைமுறையாகக் கலந்து, இரண்டு உள்ளூர் ரகங்களை உருவாக்கியதாக 2022-ல் அறிவித்தது. பாக்டீரியா வெளியூர், கொசு நம் ஊர்!

இந்தக் கலப்பு வெறும் சம்பிரதாயமல்ல. பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் ஒரு பகுதியில் முதலில் விட்ட வோல்பாக்கியா கொசுக்கள் நிலைக்கவில்லை. காரணம், உள்ளூர்க் கொசுக்களுக்கு வீட்டு உபயோகப் பூச்சிமருந்தைத் தாங்கும் மரபணு இருந்தது. புதிதாக வந்தவற்றுக்கு இல்லை. அந்த எதிர்ப்பு மரபணுவையும் சேர்த்து வளர்த்து விட்ட பிறகே அவை ஊன்றின. வெயிலும் ஒரு சோதனைதான். பழ ஈயிலிருந்து எடுத்த வோல்பாக்கியா ரகம் கடும் வெப்பத்தில் தளர்ந்துவிடும். டைகர் கொசுவிலிருந்து எடுத்த ரகம் வெப்பத்தை அதிகம் தாங்கும். புதுச்சேரி ஆய்வகம் இரண்டு ரகத்தையுமே வளர்த்ததன் அருமை, சித்திரை வெயிலில் மொட்டை மாடி டிரம் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

டெல்லியில் நடந்தது என்ன?

ஆய்வகத்தில் ஜெயித்தால் போதுமா? போதாது என்பதற்கு இந்தியாவிலேயே கதை இருக்கிறது.

1967-ல் பர்மாவின் ரங்கூன் அருகே ஒக்போ என்ற கிராமத்தில், ஜெர்மானிய விஞ்ஞானி ஹான்ஸ் லாவன், முட்டை பொரிக்காமல் செய்யும் ஆண் கியூலெக்ஸ் கொசுக்களை விட்டு, சில வாரங்களில் அந்தக் கிராமத்துக் கொசுக்களை ஒழித்துக் காட்டினார். அந்த விந்தைக்குக் காரணம் வோல்பாக்கியா என்பதே 1971-ல்தான் தெளிவானது. ஒக்போ தந்த உற்சாகத்தில், உலக சுகாதார நிறுவனமும் ஐ.சி.எம்.ஆரும் சேர்ந்து டெல்லியில் கொசு மரபியல் ஆய்வுப் பிரிவைத் தொடங்கின. பணம் அமெரிக்காவிலிருந்து வந்தது.

டெல்லியைச் சுற்றிய கிராமங்களில் லட்சக்கணக்கில் ஆண் கொசுக்கள் விடப்பட்டன. அக்கம் பக்கத்து ஊர்களிலிருந்து ஏற்கெனவே கருவுற்ற பெண் கொசுக்கள் பறந்து வந்து கணக்கைக் குலைத்தன. அது அறிவியல் சிக்கல். அதைவிடப் பெரிய சிக்கல் வெளியே வெடித்தது. ஹரியானாவின் சோனிபட் நகரில் ஏடிஸ் கொசுக்களை விடத் திட்டமிட்டபோது, "அமெரிக்கப் பணத்தில் ஏன் இந்த ஆராய்ச்சி? மஞ்சள் காய்ச்சலை ஆயுதமாக்கும் உயிரியல் போருக்கு ஒத்திகையா?" என்று பத்திரிகைகள் கேட்டன. நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு விசாரித்தது. சோனிபட் திட்டம் கைவிடப்பட்டது. 1975-ல் அந்தப் பிரிவே மூடப்பட்டது.

அதே 1975-ல்தான் புதுச்சேரியில் வி.சி.ஆர்.சி. பிறந்தது. டெல்லிப் பிரிவில் பணியாற்றிய ராஜகோபாலன்தான் இதன் முதல் இயக்குநரானார். மரபியல் சோதனையைச் சற்றே ஒதுக்கிவைத்துவிட்டு, சாக்கடை, கிணறு, மீன், மக்கள் என்று தரையிலிருந்து தொடங்கினார்கள். சுமார் அரை நூற்றாண்டு கழித்து, அதே நிறுவனத்தின் கையில் மறுபடியும் வெளியே விடவேண்டிய கொசு இருக்கிறது.

கேட்க வேண்டிய கேள்விகள்

வோல்பாக்கியா கொசு மரபணு மாற்றப்பட்ட கொசு அல்ல. அதன் மரபணுவை யாரும் வெட்டி ஒட்டவில்லை. என்றாலும், "எங்கள் தெருவில் கொசு விடப் போகிறோம்" என்று சொன்னால் எந்தத் தாய்க்கும் வயிறு கலங்கத்தான் செய்யும். அதனால்தான் அரசு அனுமதி பெற்ற பிறகே வெளியே விடுவது என்று 2022-லேயே சொல்லப்பட்டது.

யோக்யகர்த்தாவில் கொசு முட்டை வைத்த சின்ன வாளிகள் மக்களின் வீட்டு முற்றங்களிலேயே இருந்தன. வீட்டுக்காரர்கள் சம்மதித்ததால்தான் அது நடந்தது. முன்கூட்டியே தெருக்கூட்டங்கள் நடந்தன, கேள்விகளுக்குப் பதில் சொல்லப்பட்டது. டெல்லியில் தவறிய இடம் இதுதான்.

முதலியார்பேட்டையோ லாஸ்பேட்டையோ, புதுச்சேரியின் ஏதோ ஒரு தெருவுக்கு அப்படி ஒரு நாள் வந்தால், மக்கள் கேட்கவேண்டிய கேள்விகள் தெளிவானவை. விடப்போவது ஆண் கொசு மட்டுமா, இரண்டுமா? சில மாதங்களுக்குக் கடி அதிகமாகுமா? முடிவுகளை யார் கண்காணிப்பார்கள், எங்களுக்கு எப்போது சொல்வார்கள்? வேண்டாம் என்று சொல்லும் உரிமை இருக்கிறதா? இந்தக் கேள்விகள் அறிவியலுக்கு எதிரானவை அல்ல. இவற்றுக்கு நேர்மையான பதில் கிடைக்கும் ஊரில்தான் அறிவியல் வேரூன்றும்.

அதுவரை நம் வீட்டில்...

* வாரம் ஒரு நாள் டிரம், தொட்டி, கூலர் தண்ணீரை முழுவதும் கொட்டிக் காயவிடுங்கள். கொசு வளர ஏழு, எட்டு நாளாவது வேண்டும். வாரத்துக்குள் கொட்டினால் சுழற்சி அறுந்துவிடும்.

* கொட்டினால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். ஏடிஸ் முட்டையிடுவது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, சுவரோரம். அந்த முட்டை காய்ந்தாலும் பல மாதம் சாகாது. அடுத்த மழையில் தண்ணீர் பட்டதும் பொரித்துவிடும்.

* செப்டிக் டேங்கின் காற்றுக் குழாய் வாயில் கொசுவலை கட்டுங்கள். மூடியில் விரிசல் இருந்தால் பூசுங்கள். கியூலெக்ஸ் வரும் வழி அது.

* சம்ப்பையும் மாடி டேங்கையும் இடைவெளி இல்லாமல் மூடுங்கள். பயன்படுத்தும் கிணறாக இருந்தால் வலை போட்டு மூடுங்கள்.

* ஏடிஸ் பகலில் கடிப்பதால், மதியம் தூங்கும் குழந்தைக்கும் கொசுவலை தேவை.

* காய்ச்சல் வந்தால் நீங்களே மாத்திரை வாங்கிப் போடாமல் மருத்துவரைப் பாருங்கள். டெங்குவாக இருந்தால் ஆஸ்பிரின் வகை மாத்திரைகள் ரத்தக்கசிவை அதிகமாக்கலாம்.

நாளைக்கு வோல்பாக்கியா கொசு வந்தாலும் இந்த வேலைகள் மாறப்போவதில்லை. அந்தக் கொசு சாக்கடையில் பிறக்கும் கியூலெக்ஸையோ கிணற்றில் பிறக்கும் அனாஃபிலிஸையோ ஒன்றும் செய்யாது. புகை வண்டி எப்போது வரும் என்று கேட்பதற்கு முன், நம் வீட்டில் தேங்கியிருப்பது எந்தத் தண்ணீர் என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.